எலுமிச்சையின் ஏகாதசி

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சி தில்லை நகரில் நண்பர் லூர்துசாமி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். புதிதாகக் கட்டிய ஃபிளாட், இரண்டாவது மாடி. காபி வருவதற்கு முன்பே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

பால்கனி என்றால்... ஒரு நாற்காலி போட்டால் ஆள் ஹாலில்தான் நிற்க வேண்டும். அத்தனை விசாலம். அதன் மூலையில் ஒரு பெரிய பெயிண்ட் டின். டின்னில் ஓர் எலுமிச்சைச் செடி.

"பாருங்க சார். இலை எப்படி இருக்கு? எண்ணெய் தேய்ச்ச மாதிரி மின்னுது. ஆனா ஒரு பூ? ம்ஹூம்."

"தண்ணி?"

"அதுல குறையே வைக்கிறதில்ல. காலையில எழுந்ததும் முதல் வேலை அதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நீங்க மறந்துடுவீங்கன்னு பத்து மணிக்கு நான் ஊத்திட்டுத்தான் இருக்கேன்."

வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். "சாயங்காலம் நான் ஊத்துறேன் அங்கிள்."

பேராசிரியரின் முகத்தில் ஒரு கூட்டல் கணக்கு ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க சார். என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் நடந்த கதை அது. அவர் காபி ஆறியது தெரியாமல் கேட்டார். உங்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றுகிறது — காபியை முதலில் குடித்துவிடுங்கள்.

பத்திரிகையில் வேலை பார்ப்பவனுக்கு ஊர் என்பது ஒரு எடிஷன், அவ்வளவுதான். சேலம், கோயம்புத்தூர், மதுரை என்று என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. எங்கே போனாலும் எனக்கு அதே மேஜை, அதே பசை டப்பா, அதே கத்தரிக்கோல்.

என் மனைவி சரோஜாவுக்கு அப்படி இல்லை. போகிற ஊரில் எல்லாம் அவள் ஒரு பழச்செடி வைப்பாள். தரை ஏது? எப்போதும் மாடி போர்ஷன்தான். சேலத்தில் விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டியில் மாதுளை. கோயம்புத்தூரில் அடி ஓட்டையான அண்டாவில் கொய்யா. மதுரையில் சிமெண்ட் தொட்டியில் அத்தி.

மாதுளை மொட்டு விட்ட வாரத்தில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. கொய்யா பிஞ்சு பிடித்தபோது அடுத்த ஆர்டர். அத்திக்குப் பாவம், அந்தப் பாக்கியம்கூட இல்லை. தொட்டிகளை லாரியில் ஏற்ற முடியாது. அப்படியே விட்டுவிட்டு வருவோம். எங்களுக்குப் பிறகு குடிவந்தவர்கள் பறித்திருப்பார்கள். யார் என்று தெரியாது.

மதுரையில் லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது சரோஜா சொன்னாள்:

"நான் வெச்சதுல ஒரே ஒரு காயாவது நான் பறிக்கணுங்க."

அழவில்லை. கோபமும் இல்லை. 'நாளையிலிருந்து பால் அரை லிட்டர் போதும்' என்று சொல்கிற அதே குரல். அந்தக் குரலில் அவள் சொல்வதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படித்தான் எழுபதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரர் வரதன் மாமா. ரயில்வேயில் ஆடிட் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆனது ரயில்வே மட்டும்தான், ஆடிட் ஆகவில்லை. "சைவம்தானே? ஆணி அடிப்பேளா? ரேடியோ சத்தமா வைப்பேளா?" என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் மாடியைக் கொடுத்தார். "ஒரு செடி வெச்சுக்கலாமா மாமா?" என்று சரோஜா கேட்டதற்கு, "பேஷா" என்றார். செடி என்றதும் அவர் மனக்கண்ணில் ஒரு துளசி வந்திருக்க வேண்டும்.

வந்தது அரை டிரம்.

சரோஜாவின் தம்பி திருவெறும்பூரில் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஒரு பழைய எண்ணெய் டிரம்மைக் குறுக்கே அறுத்து, விளிம்பை அரத்தால் தேய்த்து, அடியில் ஓட்டைகள் போட்டு வைத்திருந்தான். அதைச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பஸ்ஸில் கொண்டுவந்தோம். கண்டக்டர் டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"சார், அடியெல்லாம் ஓட்டையா இருக்கே. பார்த்து வாங்கலையா?"

"ஓட்டை நாங்களே போட்டதுப்பா."

அதற்கப்புறம் அவர் லக்கேஜ் டிக்கெட்கூடக் கேட்கவில்லை. சத்திரம் வரும் வரைக்கும் எங்களை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

டிரம்மை மாடிப்படியில் ஏற்றும்போது மாமா கீழே நின்று கேட்டார். "இது செடியா சார்? தெருவுக்குத் தார் போட வந்திருக்காளோன்னு பார்த்தேன்."

ஆனால் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. டிரம் எங்கள் போர்ஷனுக்கு முன்னால் இருந்த திறந்த தளத்தில் உட்கார்ந்தது. ஆற்று மணல், செம்மண், மாட்டு எரு. நடுவில் நர்சரியில் வாங்கிய பதியன் போட்ட எலுமிச்சை. பக்கத்தில் மாமியின் துளசித் தொட்டி. கீழே கொல்லையில் வெயில் படாது என்பதால் துளசி எங்கள் தளத்தில்தான் இருந்தது.

கோமளா மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேச மாட்டார். சிரிக்க ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டது போல எப்போதும் ஒரு முகம். விடிந்ததும் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே வருவார். துளசிக்கு விடுவார், சுற்றி வருவார், மடிப் புடவையைக் கோலால் தூக்கிக் கொடியில் போடுவார், போய்விடுவார். யார் மேலும் பட்டுக்கொள்ளக் கூடாது என்பதால் அந்த நேரத்தில் நாங்கள் கதவைத் திறப்பதில்லை.

செடி வளர்ந்தது. எப்படி வளர்ந்தது! என் தோளுக்கு வந்துவிட்டது. அடர்ந்த பச்சை. ஒரு இலையைக் கசக்கினால் தெருவே மணக்கும். ஆனால் பூ? லூர்துசாமி சொன்ன அதே 'ம்ஹூம்'தான். இரண்டு வருடம் ஓடிவிட்டது. எந்த நாளும் எனக்கு அடுத்த ஆர்டர் வரலாம் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த ஆடி மாதம் பிறந்த சில நாட்களில் மாமா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"சார், ஒரு நிமிஷம் கீழ வரேளா?"

போனேன். கூடத்து மூலையில் கோயிலாழ்வார் — வைணவர் வீடுகளில் பெருமாளை வைத்திருக்கும் பூஜை அலமாரி. அதன் மேல் ஒரு பித்தளை அடுக்கு. அண்ணாந்து பார்த்தால், மேல்தளத்தில் வட்டமாக ஓர் ஈரக்கறை. கறையிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, அடுக்கில் விழுந்தது.

"பார்த்தேளா? எங்காத்துப் பெருமாளுக்குத் தினம் திருமஞ்சனம் ஆயிண்டிருக்கு. எலுமிச்சை உபயம்."

"மாமா, துளசித் தொட்டியும் அங்கதானே..."

"துளசி ஒழுகாது."

அந்த ஃபைல் க்ளோஸ். மாமா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"இது ஆடி மாசம். ஆடியில யாரையும் காலி பண்ணச் சொல்ற வழக்கம் எங்காத்துல கிடையாது. அது மனுஷாளானாலும் சரி, டிரம்மானாலும் சரி. ஆவணி அவிட்டம் ஆகட்டும், ஆள் கூட்டிண்டு வந்து இறக்கிடறேன். அதுவரைக்கும் அதுக்கு ஒரு சொட்டு ஜலம் விடப்படாது. முடியாதுன்னா நீங்க வேற வீடு பார்த்துக்கலாம். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

நியாயமாகத்தான் பேசினார். பெருமாள் தலையில் தண்ணீர் சொட்டினால் ஸ்ரீரங்கத்தில் யார்தான் பொறுப்பார்கள்?

மேலே வந்து சொன்னேன். சரோஜா செடியைத்தான் பார்த்தாள்.

"வேற வீடு பார்ப்போமா?" என்றேன்.

"இவ்வளவு பெருசானதை இறக்கி, வண்டியில ஏத்தி, இன்னொரு மாடி ஏத்தவா? வேரெல்லாம் அத்துப்போயிடும்ங்க. அப்புறம் மறுபடி ரெண்டு வருஷம்."

மறுநாள் காலையில் அவள் வடாம் காயப்போடப் பழைய பேப்பரை விரித்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"இங்க பாருங்க. உங்க பேப்பர்தான். விவசாயப் பக்கம். எலுமிச்சை பூக்கணும்னா கொஞ்ச நாள் தண்ணியை நிறுத்தி வாட்டம் குடுக்கணுமாம். இலை லேசா சுருளணுமாம். அப்புறம் எரு போட்டு தண்ணி விட்டா பூத்துக் கொட்டுமாம்!"

வாங்கிப் பார்த்தேன். அந்தக் கட்டுரைக்குத் தலைப்புப் போட்டவனே நான்தான். தலைப்புப் போடுகிறவன் கட்டுரையையும் படிப்பான் என்று வாசகர்கள் நம்புகிறார்கள்... நம்பட்டும், அதையெல்லாம் கெடுப்பானேன்?

"ஒரு சொட்டு விடக் கூடாதுன்னு மாமா சொன்னது நல்லதாப் போச்சுங்க" என்றாள் சரோஜா. எங்களுக்கு இருந்தது ஆடி மாதம் ஒன்றுதான். அதற்குள் செடி வாட வேண்டும், பூக்க வேண்டும். பூத்த செடியை எடு என்று சொல்ல மாமாவுக்கு மனசு வராது என்று அவள் கணக்குப் போட்டாள்.

தண்ணீரை நிறுத்தினோம். ஆடிக் காற்று துணி காயப்போட்ட கொடியைப் பிய்த்துக்கொண்டு போகிறது. மழை கிடையாது. ஒரு வாரத்தில் டிரம் மண் பாளம் பாளமாக வெடித்திருக்க வேண்டும்.

சரோஜா விரலை விட்டுப் பார்த்தாள். "ஈரமா இருக்குங்க."

"ராத்திரி தூறல் ஏதாவது..."

"எங்க தூறுச்சு? காவேரியில தண்ணி வந்துச்சு. நம்ம டிரம்முக்கா வந்துச்சு?"

இலை சுருளவில்லை. எண்ணெய் தேய்த்த மாதிரி அதே மினுமினுப்பு. கீழே சொட்டும் நிற்கவில்லை. மாமா என்னை வாசலில் மறித்தார்.

"ஒரு சொட்டு விடப்படாதுன்னு சொன்னேனே சார்."

"விடலை மாமா. சத்தியமா."

"பின்ன தானா ஊறறதா? டிரம்முக்குள்ள ஊற்று இருக்கோ?"

பொய் சொல்பவன் என்ற பெயரோடு ஆபீஸ் போனேன்.

மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட். விடிந்தும் விடியாத நேரத்தில் சமையலறை ஜன்னல் பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமி மேலே வந்தார். துளசிக்குத் தண்ணீர் விட்டார். சுற்றினார். கும்பிட்டார். குடத்தில் முக்கால்வாசி மிச்சமிருந்தது. அதை அப்படியே எலுமிச்சை டிரம்மில் சாய்த்தார்.

"குடிச்சுக்கோடியம்மா" என்று மாமியின் குரல் கேட்டது. "அவர் கிடக்கார், அவருக்கென்ன தெரியும்? நாக்கு வறண்டு நிக்கறதைப் பார்த்துண்டு எப்படிப் போறது... குடி, குடி."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு வருடமாகச் சரோஜா தினம் ஊற்றியிருக்கிறாள். அதற்கு முன்பே மாமி ஒரு குடம் ஊற்றியிருக்கிறார். செடிக்கு வாட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. அது ஏன் பூக்க வேண்டும்? மிச்சத் தண்ணீர் தளத்தில் இறங்கி, மாமாவின் பெருமாளைத் தேடிப் போயிருக்கிறது.

பத்திரிகைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நேரில் கண்ட சாட்சி. குற்றவாளி வாதியின் வீட்டுக்குள்ளேயே. மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் முடிந்தது.

சரோஜாவிடம் சொன்னேன். காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "மாமாகிட்ட சொல்லக் கூடாது."

"ஏன்?"

"மாமி நல்லா வாங்கிக் கட்டிக்குவாங்க. பெருமாள் தலையில தண்ணி விட்டது நீதானான்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு. அவங்களைக் காட்டிக்கொடுத்துட்டு அந்த மரத்துல நான் எப்படிங்க காய் பறிப்பேன்?"

"சொல்லலைன்னா மரம் போயிடும்."

"போகட்டும்."

டபராவைக் கீழே வைத்தாள். கொஞ்சம் காபி வெளியே சிந்தியது. அவள் சிந்துகிறவள் இல்லை.

எத்தனையோ எடிட்டர்கள் என் செய்திகளைக் கிடப்பில் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல காரணத்தை ஒருவரும் சொன்னதில்லை.

ஆனால் மாமி ஊற்றுவதை நிறுத்த வேண்டுமே? 'பார்த்துவிட்டோம்' என்று சொன்னால் அவர் கூசிப்போவார். சரோஜா ஒரு நாள் யோசித்தாள். அடுத்த நாள் காலை மாமி புடவையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, எட்ட நின்றபடியே பேச்சுக் கொடுத்தாள். நான் உள்ளே பேப்பர் படிப்பதாகப் பெயர்.

"மாமி, எலுமிச்சை இப்ப விரதம் இருக்கு."

"என்னடி சொல்றே?"

"விரதம் மாமி. நீங்க ஏகாதசின்னா பல்லுல பச்சைத் தண்ணி படாம இருக்கீங்கல்ல... அந்த மாதிரி. தண்ணி இல்லாம கொஞ்ச நாள் காய்ஞ்சாத்தான் பூ வைக்குமாம். பேப்பர்ல போட்டிருக்கு."

மாமியின் கையில் கோல் அப்படியே நின்றது. புடவை காற்றில் படபடத்தது.

"ஏகாதசியா இருக்கு அது?"

"ஆமா மாமி."

"ஐயையோ... அபசாரம், அபசாரம். ஏகாதசி இருக்கறதுக்கா நான் தினம் ஜலம் விட்டுண்டிருக்கேன்!" மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு முன்னமே தெரியுமோடி?"

"எது மாமி?"

மாமியின் முகத்தில் பாதியில் நின்றிருந்த அந்தச் சிரிப்பு அன்றைக்குத்தான் முழுசாக வந்தது.

அதற்குப் பிறகு அந்த எலுமிச்சைக்கு மாமி கொடுத்த மரியாதை இருக்கிறதே! துளசிக்குத் தண்ணீர் விடும்போது டிரம்முக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விட்டார். "கண்ணெதிர்ல ஜலத்தைக் காட்டப்படாது பாரு, சபலம் தட்டும்." சரோஜா மாடியில் கை கழுவினால்கூட, "அந்தப் பக்கம் போய் அலம்பு" என்பார். தினமும் ஒரு கேள்வி. "பாரணை எப்போ?" ஏகாதசி விரதத்தை மறுநாள் துவாதசியன்று முடிப்பதற்குப் பாரணை என்று பெயர்.

இலை சுருண்டது. ஓரம் பழுத்து உதிரவும் ஆரம்பித்தது. இப்போது பயப்பட்டது சரோஜா. "செத்துகித்துப் போயிடுமோ மாமி?"

"ஏகாதசி இருந்து யாரும் செத்ததில்லை" என்றார் மாமி.

பஞ்சாங்கம் பார்த்து, ஒரு துவாதசியன்று காலையில், மாமாவுக்குத் தெரியாமல் பாரணை நடந்தது. சரோஜா மக்கிய எருவைத் தூவி, சொம்பு சொம்பாக, மண் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் விட்டாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மாமி மடியிலிருந்து ஒரு கைப்பிடி அகத்திக்கீரையை எடுத்து டிரம்மில் போட்டார். "பாரணைன்னா அகத்திக்கீரை இல்லாமலா?"

எங்கள் விவசாயப் பக்கத்தில் இது இல்லை. இருந்திருக்கலாம்.

ஆடி கழிந்தது. ஆவணி அவிட்டமும் வந்து போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா புதுப் பூணூல் பளிச்சிட, இரண்டு ஆட்களோடும் ஒரு வடத்தோடும் மேலே வந்துவிட்டார்.

செடி பூத்திருந்தது. நிறைய இல்லை, அங்கங்கே வெள்ளை. நாங்கள் நம்பிக்கொண்டிருந்த மனசு மாமாவுக்கு வந்ததா? அவர் பூவைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார்.

"கீழ ஒழுகல் நின்னுடுத்து. ஏன் நின்னுது? டிரம்முக்கு ஜலம் விடறதை நிறுத்தினேள். ஆக, டிரம்தான் காரணம். சரிதானே சார்?"

ஓட்டை சொல்ல முடியாத ஆடிட். நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

ஆட்கள் வடத்தை டிரம்மைச் சுற்றிப் போட்டு இறுக்கினார்கள். ஒருவர் மூங்கிலைச் செருகினார். மரம் ஒரு குலுங்கு குலுங்கியது. நாலைந்து பூக்கள் தளத்தில் விழுந்தன. சரோஜா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழுந்த பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மரத்தை அல்ல.

"நிறுத்துங்கோ."

மாமி படியேறி வந்திருந்தார். ஆட்கள் நிறுத்தினார்கள். மாமா திரும்பினார்.

"ஜலம் விட்டது நான்" என்றார் மாமி.

"என்னது?"

"அவா நிறுத்தினா. நான் நிறுத்தலை. துளசிக்கு விட்டது போக மிச்சத்தை அதுக்கு விட்டேன். தினம். ரெண்டு வருஷமா."

"ஏன்?"

"வாடிடுமேன்னுதான்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டா வேண்டாம்னுடுவேள்."

ஆடிட்டர் ஒருவர் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மூங்கிலைத் தோளில் வைத்திருந்தவர் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"சாமி, தூக்கவா? அவுக்கவா? தோள் வலிக்குது."

மாமா மனைவியைப் பார்த்தார். சரோஜாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ இது?" என்றார். சரோஜா பேசவில்லை. பேசாததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. குனிந்து, தளத்தில் கிடந்த ஒரு பூவை எடுத்தார். முகர்ந்தார். அப்புறம் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"அந்த மூலையில தண்ணி போற தூம்பு பக்கத்துல அடியில சுவர் இருக்கு. பளு தாங்கும். கல்லு அடுக்கி அது மேல தூக்கி வைங்கோப்பா. அடியில காத்து போகணும்." பிறகு என்னிடம், "வந்த ஆளைச் சும்மா அனுப்பப்படாது பாருங்கோ" என்றார்.

அதோடு முடியவில்லை. பிஞ்சு பிடித்தது. பச்சைக் கோலிகளாகத் திரண்டது. தை பிறந்தது. எனக்கு ஆர்டர் வந்தது — திருநெல்வேலி.

வழக்கமான நேரத்தில், வழக்கம் போல.

"பச்சையாவே பறிச்சுக்கோயேன். ஊறுகாய்க்கு ஆகும்" என்றேன்.

சரோஜா என்னைப் பார்த்தாள். "பழுக்காததை எடுத்தா அது பறிக்கிறது இல்லீங்க. பிடுங்கறது."

இதைச் சொல்ல மாமாவிடம் போனேன். வீட்டைக் காலி செய்கிறோம், தேதி இது என்றேன். அவர் நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் மேல்தளத்தில் காய்ந்துபோயிருந்த அந்தக் கறையைப் பார்த்தார்.

"நீங்க போய் ஜாயின் பண்ணுங்கோ சார். சரோஜா இங்கேயே இருக்கட்டும். ராத்திரி மாமி மேல வந்து படுத்துப்பா. பழுத்தப்புறம் கூட்டிண்டு போகலாம்."

"மாமா, போர்ஷனுக்கு வேற ஆள் வந்து கேட்டுட்டுப் போனாங்களே..."

"மாடியில மரம் காய்ச்சிருக்கு, காயை இறக்கினப்புறம் வாங்கோன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

டிரம்மை இறக்க ஆள் கூட்டிவந்த மனிதர். டிரம்முக்காக ஆளைத் திருப்பி அனுப்பினார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினேன். மாமா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "பழுத்து நாலு நாளாச்சு. நீங்க வந்தாத்தான் பறிப்பேன்னுட்டா. போங்கோ, மேல போங்கோ."

மேலே சரோஜா. எட்டத்தில் மாமி. மரத்தில் பச்சைக்கு நடுவே மஞ்சள்.

சரோஜா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இழுக்கவில்லை, காம்போடு சேர்த்து லேசாகத் திருகினாள். கைக்கு வந்துவிட்டது. அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது நான் வேறு என்னென்னவோ எதிர்பார்த்திருந்தேன்.

"கொடு, ஜூஸ் போட்டுக் குடிப்போம்" என்றேன்.

"பறிக்கணும்னுதானே சொன்னேன்? திங்கணும்னா சொன்னேன்?"

பழத்தை மாமி நீட்டிய தட்டில் வைத்தாள். "பெருமாளுக்கு வைங்க மாமி. அவரும் நம்மால ரொம்ப நனைஞ்சுட்டாரு."

கீழேயிருந்து மாமாவின் சிரிப்பு கேட்டது. அந்த வீட்டில் அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் லாரி வந்தது. மரத்தில் நிறையப் பழம் பாக்கி இருந்தது. சரோஜா திரும்பிப் பார்த்துக்கொண்டே வரவில்லை.

இதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ வீடு மாறிவிட்டோம். பால்கனி, மொட்டை மாடி, மாடிப்படி வளைவு — ஒரு தொட்டிக்கு இடம் இருந்தால் சரோஜா விட மாட்டாள். சிலதில் பறித்தாள். பலதை விட்டுவிட்டு வந்தாள். அவள் அதற்கப்புறம் கணக்குக் கேட்டதில்லை.

வாடகை வீட்டில் பழச்செடி வைப்பது ஒரு விசித்திரமான வேலை. யாருக்கென்று தெரியாமல் வைக்கிறோம். வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவர் மனைவி தண்ணீர் விட வேண்டும் — அல்லது விடாமல் இருக்க வேண்டும். அத்தனை பேருடைய தயவும் சேர்ந்துதான் ஒரு பழம். இதை நான் அப்போது யோசித்ததில்லை. திருநெல்வேலி வீட்டு மாடியில் முதல் நாள் சாமான் இறக்கியபோதுதான் யோசித்தேன்.

அந்த மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி இருந்தது. அதில் இடுப்பளவு ஒரு சப்போட்டா. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் வைத்தது. அவர்களுக்கும் ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபராம். எங்கே போனார்கள் என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. கிளையெல்லாம் காய்.

சரோஜா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். "யாரு வெச்சதோ, மகராசி. பறிக்காமப் போயிருக்கா பாருங்க" என்றாள்.

அம்மா, நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. இந்தப் பத்தி உங்கள் கண்ணில் பட்டால் — பழம் நன்றாக இனித்தது.